காதால் எஞ்சின் பார்த்தவன்

மார்ச் 4 — 3,150
ஏப்ரல் 11 — 7,800
மே 23 — 2,400
ஜூலை 2 — 11,650
ஆகஸ்ட் 19 — 9,200

இந்த ஐந்து தேதிகளில் இந்த ஐந்து தொகைகளையும் வாங்கிக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. ஐந்து முறையும் நோய் ஒன்றுதான். பெட்ரோலில் ஓடும் என் ஒன்பது வயதுக் கார், சாலையில் ஒழுங்காகவே ஓடியது. நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் உதறியது. ஐடிலிங் சரியில்லை என்று மெக்கானிக்குகள் இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்டியரிங் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி இரண்டாகத் தெரியும். சிக்னலில் பச்சை விழும் நேரம் பார்த்து எஞ்சின் அணைந்துபோகும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து என் வயதைப் பற்றிப் பேசுவார்கள். ஐந்து முறை பழுது பார்த்த பிறகும், செப்டம்பர் 24 அன்று கார் மறுபடியும் உதறியது.

அவனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவன் அக்காவை நான் கல்யாணம் செய்துகொண்டேன். நாற்பத்தொரு வருடமாக அவனைப் பார்த்துவருகிறேன். பார்த்ததைக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

கல்யாணமான மூன்றாவது வாரம், என் கைக்கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது என்று மனைவியிடம் சொன்னேன். பக்கத்து அறையில் இருந்த அவன் காதில் அது விழுந்திருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கடிகாரத்தைக் காதோடு வைத்துக் கேட்டு, பின்மூடியைத் திறந்து, எதையோ திருகி, மூடியும் வைத்துவிட்டான். "இப்ப சத்தம் சரியா இருக்கு அத்தான்" என்றான். சத்தம் சரியாகத்தான் இருந்தது. முள்தான் நகரவில்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது, முள் வேறு டிபார்ட்மெண்ட் என்பதுபோல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஐம்பத்திரண்டு வயது வரையில் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்கில் மூன்று முறை தோற்று, பள்ளிக்கூடத்தை விட்டான். ஒரு லாரி ஷெட்டில் இரண்டு வருடம் எட்டு மாதம் இருந்தான். அங்கே அவன் வேலை, கழற்றிப் போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது. ஷெட்டின் முதலாளி, ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து உள்ளே எழும் சத்தத்தைக் கேட்பார். தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியம்தான் அது. ஆனால் அவர் கேட்ட பிறகு அளந்து பார்ப்பார், கழற்றிப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் நாளைக்கு வா என்பார். என் மைத்துனன் அந்த நிற்கும் தோரணையை மட்டும் கற்றுக்கொண்டான். மற்றதைக் கற்க இன்னும் ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பஸ். பஸ் முதலாளி ஒருவர் நான்கு மெக்கானிக்குகளிடம் காட்டியும் அடங்காத சத்தத்தை, இவன் பஸ்ஸுக்கு அடியில் படுத்து, கண்ணை மூடி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து, "பின்னாடி இடது பக்கம், வீல் பேரிங்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். கழற்றினார்கள். பேரிங் பொடியாகியிருந்தது. அன்றிலிருந்து அவன் காதுக்காரர். அந்தப் பஸ்ஸின் டிரைவரைச் சில வருடம் கழித்து நான் தேடிப் போய்க் கேட்டேன். இடது பின்சக்கரம்தான் என்று ஒரு மாதமாகத் தான் முதலாளியிடம் சொல்லிவந்ததாகவும், டிரைவர் பேச்சை யார் கேட்கிறார்கள் என்றும், முந்தின நாள் டீ குடிக்கும்போது காதுக்காரரிடமும் அதைச் சொன்னதாகவும் அவர் சொன்னார். அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. டீயோடு கேட்டதை மறந்துவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் கேட்டதாக நம்பிவிட்டான். அவனுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

வாழ்க்கையில் ஒரு முறை சரியாகச் சொன்னவனை ஊர் பிறகு சோதித்துப் பார்ப்பதில்லை. மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். பெயர்ப்பலகையில் ஒரு பெரிய காதை வரையச் சொன்னான். வரைந்தவர் வரைந்தது, யாரோ கடித்துப் போட்ட ரொட்டித் துண்டுபோல் வந்தது. இருபத்தாறு வருடமாக அந்த ரொட்டித் துண்டுக்குக் கீழே அவன் தொழில் செய்தான்.

அவன் நோய் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் வாயை மூட வேண்டும். மரக்கடைக்காரரைக்கூட ரம்பத்தை நிறுத்தச் சொல்லுவான், அவரும் நிறுத்துவார். பிறகு ஸ்க்ரூடிரைவர், காது, மூடிய கண். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லுவான். அந்த வாரம் எந்தப் பாகத்தின் பெயர் யார் வாயிலிருந்தோ அவன் காதில் விழுந்ததோ, அந்தப் பாகம் அந்த வாரம் எல்லாக் கார்களிலும் கெட்டுப்போயிருக்கும். இது என் ஊகம் இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் அவன் ஷெட்டில் ஏழு கார்களுக்கு இக்னிஷன் காயில் மாற்றப்பட்டது. எனதும் அதில் ஒன்று. மார்ச்சில் ஸ்பார்க் பிளக் வாரம். மேயில் த்ராட்டில் பாடியைக் கழுவும் வாரம். ஜூலையில் காற்றை அளக்கும் சென்சார், ஆகஸ்டில் ஃப்யூயல் பம்ப். கார் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் அவன் பாட்டரி ஒயரைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டி, விளக்கை அணைத்துக் கொடுத்தான். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. பில் தாள்கள் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருந்தான். ஏன் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"மெஷினுக்குக் காது இருக்கா அத்தான்?" என்றான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. கழற்றுவதிலும் மாட்டுவதிலும் அவன் கை சுத்தம். ஒரு போல்ட்டைத் தவறவிட்டதில்லை. எதைக் கழற்ற வேண்டும் என்று வேறொருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் நல்ல மெக்கானிக் ஆகியிருப்பான்.

அக்டோபர் முதல் தேதி பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. வண்டிப் பழுது பார்க்கும் ஷெட்டுகளின் சங்கம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை தரச் சான்றிதழைப் புதுப்பிக்கிறது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம் என்று பெயர்களை வெளியிட்டிருந்தார்கள். அவன் பெயரும் இருந்தது. அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்குவதால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் கார்களை அவனிடம் அனுப்புகிறது. மாதம் பதினாறு கார்கள் வந்தால் அதில் பதினொன்று அந்தக் கார்கள். சான்றிதழ் போனால் ஷெட்டும் போகும்.

அது தெரிந்தேதான் எழுதினேன். ஏழு பக்கம், தேதிகளோடு. தபாலில் போடுவதற்கு முன் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழு பக்கத்தையும் படித்துவிட்டு, தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் நிஜம்தான். அனுப்புங்க. ஆனா இதுக்கப்புறம் நான் உங்க கார்ல ஏற மாட்டேன். உதறினாலும் சரி, உதறலேன்னாலும் சரி."

அக்டோபர் 3 அன்று அனுப்பினேன். அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

சங்கம் எங்கள் இருவரையும் நவம்பர் 6 அன்று வரச் சொன்னது. காரையும் கொண்டுவர வேண்டும். ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சங்கத்தின் அறை. நீள மேஜைக்குப் பின்னால் தலைவரும் வேறு இருவரும். அவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்ல ஒரு பெண் பரிசோதகர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். என் மைத்துனன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மேல்பையில் ஸ்க்ரூடிரைவர் செருகிக்கொண்டு வந்திருந்தான். மாலை இல்லாத குறைதான்.

முதலில் கீழே, முற்றத்தில் கார். ஸ்டார்ட் செய்தேன். உதறியது. உதறும் என்று எனக்குத் தெரியும், இரண்டு நாளாக உதறிக்கொண்டிருந்தது. பரிசோதகர் எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாக, எப்போது அதிகமாக உதறுகிறது என்று கேட்டார்.

"அது வண்டி மனசப் பொறுத்துங்க" என்றான் மைத்துனன்.

நான் சிவப்பு நோட்டை நீட்டினேன். கார் என்றைக்கு உதறியது, எத்தனை முறை அணைந்தது, என்றைக்கு அடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டை ஐந்து முறையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை அதன்மேல் டீ கிளாசை வைத்தான், வட்டம் இன்னும் இருக்கிறது. பரிசோதகர் நின்றபடியே படித்தார். வரிசையாக ஐந்து பக்கம் படித்தார். பிறகு, பெட்ரோல் போட்ட தேதிகளை எழுதி வைத்திருக்கிறேனா என்று கேட்டார்.

எழுதாமல் இருப்பேனா. அது நீல நோட்டு. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் காரின் கூரைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒன்றில் இடது கை விரலையும் மற்றதில் வலது கை விரலையும் வைத்து, இரண்டையும் ஒன்றாக மேலிருந்து கீழே இறக்கினார்.

பிப்ரவரி 27 பெட்ரோல். பிப்ரவரி 27 உதறல். ஏப்ரல் 6, ஏப்ரல் 6. மே 18, மே 18. ஜூன் 27, ஆகஸ்ட் 13, செப்டம்பர் 24, நவம்பர் 4. ஒன்றுகூடத் தப்பவில்லை. டேங்க் நிரம்பிய நாளில் உதறல் தொடங்கியிருக்கிறது, டேங்க் இறங்க இறங்கத் தானே அடங்கியிருக்கிறது. அடங்குகிற சமயத்தில் அவன் கையில் ஒரு பாகம் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் அவன் வைத்தியம்.

நான் நீர்த்தேக்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நாளுக்கு நான்கு முறை நீர்மட்டம் பதிந்தவன். அங்கே மழைக்கு ஒரு ரெஜிஸ்டர், மட்டத்துக்கு ஒரு ரெஜிஸ்டர். இரண்டையும் கலக்கக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொறியாளர் வேலை. வீட்டிலும் அதே முறையில் இரண்டு நோட்டு வைத்தேன். வீட்டில் பொறியாளர் கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

"சார், பங்க்ல நாசில் டக்குன்னு தானா நின்ன பிறகும் போடச் சொல்வீங்களா?" என்று பரிசோதகர் கேட்டார்.

"கழுத்துல பெட்ரோல் தெரியற வரைக்கும் போடச் சொல்வேன். அப்பதான் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு சரியா வரும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பானெட்டைத் திறந்து, எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கறுப்புச் சாமானிலிருந்து ரப்பர் குழாயைப் பிடுங்கி, அது இருந்த வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். உதறல் நின்றது. எஞ்சின் தையல் மிஷின்போல் ஓடியது. விரலை எடுத்தார், உதறியது. வைத்தார், நின்றது. எட்டு மாதம், ஐந்து பாகம், ஒரு கட்டைவிரல்.

என் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னார். விரலை உள்ளே இழுத்தது. இழுக்கக் கூடாது என்றார். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி காற்றில் போகாமல் ஒரு கரி டப்பாவில் சேர்கிறது. ஓடும்போது அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் விடுவதற்கு இந்த வால்வு, பர்ஜ் வால்வு என்று பெயர். சும்மா ஓடும்போது இது மூடியிருக்க வேண்டும். கழுத்து வரைக்கும் நிரப்பியதால் பெட்ரோலே கரி டப்பாவுக்குள் போய், கரியை உதிர்த்து, உதிர்ந்த தூள் வால்வின் வாயில் மாட்டிக்கொண்டு, மூட முடியாமல் செய்திருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது ஆவி அதிகம், அதனால் உதறலும் அதிகம். இதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். பெட்ரோலை நிரப்பியது யார் என்று தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறுபடி மேல்மாடிக்குப் போனோம். அவன் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். வண்டிக்காரரே கெடுத்துக்கொண்டார், எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், என் ஏழு பக்கமும் என்மேலேயே விழுந்திருக்கும். தலைவர் அதற்கு வழிவிட்டுத்தான் கேட்டார்.

"இந்த வால்வு விஷயம் உங்களுக்குப் பிடிபடலையா?"

"பிடிபடாம என்னங்க" என்றான். "முதல் நாளே காதுல பட்டுடுச்சு. அத்தான் பெரியவர். உங்களுக்குப் பெட்ரோல் போடத் தெரியலன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப தெரிஞ்சேதான் நாலு பொருள் மாத்துனீங்க."

அவன் பணிவாகச் சிரித்தான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். பரிசோதகர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படிக்கட்டில் பாதி இறங்கியபோதுதான் அவன் கால் நின்றது. நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குச் சங்கம் நிபந்தனை போடும், அவகாசம் கொடுக்கும். தெரிந்தே வேண்டாத பாகம் விற்றவனின் பலகையை இறக்கிவிடும், திரும்ப ஏற்றாது. ஒரு முட்டாள் அரை நிமிடத்தில், யாரும் கேட்காமல், தன்னைத் திருடனாகப் பதவி உயர்த்திக்கொண்டதை அன்று நான் பார்த்தேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கட்டைவிரலில் தொடங்கி, என் கழுத்துவரைப் பெட்ரோலையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு அவள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த டப்பாவையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நிஜமாவே அவனுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்குமா?"

"அவனுக்கா? அந்த வால்வு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"அப்ப அதை எழுதுங்க."

"என்னன்னு எழுதறது?"

"அவன் முட்டாள்னு. நாப்பத்தொரு வருஷமா எங்கிட்டச் சொல்றதைத் தாள்ல எழுத என்ன வலிக்குது?"

வலிக்கவில்லை. நான்கு நாளில் எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம் வந்தது. இவர் அறிந்து ஏமாற்றக்கூடியவர் அல்ல, அறியும் ஆற்றல் இவருக்கு இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை என்று தொடங்கினேன். கைக்கடிகாரத்தை எழுதினேன். பஸ் டிரைவரின் டீயை எழுதினேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்து ஏழு காயில்களை எழுதினேன். தாள்மேல் உட்கார்ந்திருந்த ஸ்கேனரை எழுதினேன். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று அவனுடைய சொந்த வேன். அதுவும் உதறியது. அதற்கும் அவன் ஏப்ரலில் காயில், ஜூலையில் சென்சார், ஆகஸ்டில் பம்ப் என்று தன் கைக்காசைப் போட்டு மாற்றியிருந்தான். அது இன்னும் உதறுகிறது. தன்னிடமே யாரும் தெரிந்து திருட மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில், நாசில் நின்ற பிறகும் பெட்ரோல் நிரப்பியது நான்தான் என்பதையும், இரண்டு நோட்டுகளைத் தனித்தனியாக வைத்ததால் எனக்கும் அது தெரியாமல் போனது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சங்கத்துக்கு என் கடிதம் மட்டும் போதவில்லை. அவன் வாயால் சொன்னதை அவனே எழுத்தில் மாற்ற வேண்டும், எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நவம்பர் 20-க்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள்.

கடிதத்தைப் படிக்க அவன் வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உதடு அசைய ஒன்பது பக்கத்தையும் படித்தான். வேன் வந்த பக்கத்தில் காது சிவந்தது.

"இதுக்கு என்னைத் திருடன்னே விட்டிருக்கலாம் அத்தான்" என்றான். "திருடன்னா தொழில் தெரிஞ்சவன்னாவது நினைப்பாங்க."

வேனைப் பற்றிய வரிகளை மட்டும் அடித்துவிடச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினான். "டேய், அந்த வேன்தான்டா உன்னைக் காப்பாத்தப் போகுது" என்றாள் அவள். எழுந்து போய்விட்டான். நவம்பர் 12 வந்தது, 15 வந்தது, 18 வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சான்றிதழ் விஷயம் தெரியும்வரை கார் அனுப்புவதை நிறுத்தி வைத்தது. ஷெட்டில் அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், மரக்கடைக்காரர் ரம்பத்தை நிறுத்தட்டுமா என்று தானே வந்து கேட்டதாகவும் மனைவி சொன்னாள். ஒரு வார்த்தை. அவன் பிறந்ததிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தைக்காக, இருபத்தாறு வருட ஷெட்டைப் பறிகொடுக்கத் தயாராக இருந்தான். இதற்குமேல் ஒரு மனிதனைப் பற்றி என்ன எழுதுவது?

20-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வந்தான். பேனாவை என்னிடமே வாங்கினான். தாளின் கீழே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போது எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த 'அப்போது' தேவையில்லை என்று சொன்னேன். அவன் பேனாவை மூடிவிட்டான்.

"விடுங்க" என்றாள் மனைவி. "அவ்வளவாவது அவனுக்கு இருக்கட்டும்."

நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவியும் ஏறிக்கொண்டாள். வழியில் மூன்று சிக்னல். மூன்றிலும் கார் உதறவில்லை. ஏனென்றால் முந்தின வாரமே வால்வும் கரி டப்பாவும் மாற்றியாகிவிட்டது. மாற்றியது அவன்தான், எதை மாற்ற வேண்டும் என்று பரிசோதகர் தாளில் எழுதிக் கொடுத்ததால் சரியாக மாற்றினான். இப்போது நாசில் டக்கென்று நின்றதும் போதும் என்றுவிடுகிறேன். நீல நோட்டில் கிலோமீட்டர் கணக்குக்குப் பக்கத்தில் 'சுமார்' என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையை முப்பத்து நான்கு வருட வேலையில் நான் ஒரு முறைகூட எழுதியதில்லை.

சங்கத்தின் முடிவு வர அதன் பிறகு ஆன நான்கு வாரத்தில் அவன் திருந்தியிருப்பான் என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். வந்தது பெரும்பாலும் பழைய வாடிக்கைக்காரர்களின் கார்கள்தான், மொத்தம் ஆறு. ஆறில் ஐந்துக்குப் பர்ஜ் வால்வு மாற்றினான். என் பழைய வால்வைக் கயிற்றில் கட்டி ஷெட் வாசலில் தொங்கவிட்டிருக்கிறான். கேட்கிறவர்களுக்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டுகிறான். ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு, இப்போது கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினின் குழாய்களில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை வைக்கிறான். போன வாரம் ஒன்றில் சுட்டுக்கொண்டான். வேனின் உதறல் மட்டும் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், அது விரலில் பட்டது என்கிறான்.

சங்கத்தின் கடிதம் என் பெயருக்கு வந்தது. ஒரே பக்கம். சான்றிதழ் ஒரு வருடத்துக்கு மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. எந்தப் பாகத்தை மாற்றும் முன்னும் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பார்த்ததைப் பில்லில் எழுத வேண்டும். புகார் கொடுத்தவர் பின்னர் அனுப்பிய ஒன்பது பக்கமே இந்த முடிவுக்கு ஆதாரம். இனி இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்து இல்லை. அவனிடம் கொடுத்தேன். முதல் வரியை மட்டும் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு இது முதலிலேயே தெரியும் என்றான். வந்த தேதி டிசம்பர் 18.